துண்டுக்குள் இறங்கிய போன் நம்பர்

கருக்கம்பாளையம் மாட்டுச் சந்தையில் தரகர்கள் நாலு பேர் உண்டு. நாலு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு மூளைதான் இருந்தது என்றும், அதையும் எருமை வாங்க வந்த யாருக்கோ இனாமாகக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள் என்றும் சந்தையில் கேலி பேசுவார்கள். நான் அதை நம்புவதில்லை. இனாமாகக் கொடுக்கிற ஆட்களே இல்லை அவர்கள்.

எங்கள் சந்தையில் மாட்டு விலையை வாயால் பேசுவது கிடையாது. வாங்குகிறவரும் விற்கிறவரும் கையை நீட்டிக்கொள்ள, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிவிடுவார்கள். உள்ளே விரலைப் பிடித்தால் அதுதான் விலை. பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஒரு மண்ணும் தெரியாது. எதிராளி பிடித்த விரலுக்கு அப்படியே ஒத்துக்கொள்வது இங்கே வெட்கக்கேடு. கொஞ்சமாவது இறக்கியாக வேண்டும்.

நானும் இதே சந்தையில் கயிறு விற்றுத் தலையெடுத்தவன்தான். பேரம் பேசத் தெரியாமல் நாலு இடத்தில் அடிபட்டு, தெரிந்தபிறகு நாற்பது பேரை அழவிட்டவன். ஆனால் இந்த நாலு பேருக்குப் பக்கத்தில் நான் பால்குடிப் பிள்ளை. காய்ச்சல் நூற்றி மூன்று என்று டாக்டர் சொன்னால், நூறுக்கு முடிச்சுக்கலாமுங்க என்று துண்டை நீட்டுவார்கள்.

மூத்தவர் பொங்கியண்ணன். அவர் சொல்லுக்கு மற்ற மூன்று பேரிடமும் அப்பீல் இல்லை. அடுத்து நாச்சிமுத்து, எதிலும் சட்டம் பார்க்கிறவர். மூன்றாவது மயிலான், இளகின மனசு, மாடு தும்மினால் இவருக்குக் கண் கலங்கும். கடைசி ஆள் சென்னியப்பன். கதை இவனுடையது.

சென்னியப்பனுக்கு வெகுகாலமாகப் பெண் அமையவில்லை. காரணம் சுலபம். போகிற இடமெல்லாம் மற்ற மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு போவான். பெண்ணுக்கு இருபத்தெட்டு வயது என்று அவர்கள் சொன்னால், பொங்கியண்ணன் இருபத்தாறுக்குக் கேட்பார். அத்தோடு காபி கூட வராது.

போன மாசம் செங்காட்டுப்புதூரில் ஓர் இடம் தட்டுப்பட்டது. பெண் பூங்கொடி, சொந்தமாகத் தையல் கடை வைத்திருப்பவள். அப்பா வெள்ளியங்கிரி ஆட்டுத் தரகர், அவரும் காலம் பூராவும் துண்டு போட்டு வாழ்ந்தவர். பெண்ணுக்கு முப்பத்தொன்று என்றார். பொங்கியண்ணன் இருபத்தொன்பது என்றார். வெள்ளியங்கிரி கோபப்படவில்லை. கொஞ்சம் யோசித்து, முப்பதுக்கு முடிச்சுக்கலாமுங்க என்றார். நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சம்பந்தி கிடைத்துவிட்டார்.

பூங்கொடியும் கதவோரம் நின்று சென்னியப்பனைப் பார்த்துச் சிரித்தாள் என்பது மயிலானின் சாட்சியம். எழுந்து கிளம்பும்போது வெள்ளியங்கிரி ஒரு வார்த்தை சொன்னார்.

"ஊட்டுல கலந்துக்கிட்டு முடிவை நான் போன்ல சொல்றனுங்க. அடுத்த சந்தை கலையறதுக்குள்ள போன் வந்துச்சுன்னா சம்மதம். வரலீன்னா நீங்களும் வேற இடம் பாருங்க, நாங்களும் பாத்துக்கறோம்."

சென்னியப்பன் தன் நம்பரைச் சொன்னான். கடைசியில் எண்பத்தேழு வரும். வெள்ளியங்கிரி அதை மனசில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலையில் சென்னியப்பனின் லைன் செத்துப்போனது.

திடீரென்று சாகவில்லை. உங்கள் விவரங்களைப் புதுப்பியுங்கள், இதுதான் கடைசி எச்சரிக்கை என்று போன் கம்பெனி வாரக்கணக்காகச் செய்தி அனுப்பிக்கொண்டேதான் இருந்தது. சென்னியப்பன் அதைப் படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான். இதுதான் கடைசி விலை என்று ஒரு மாட்டுக்காரன் சந்தையில் எத்தனை தடவை சொல்வான். முதல் கடைசியை நம்பி எவனாவது கையைக் கொடுப்பானா. கம்பெனி இறங்கி வரட்டும் என்று காத்திருந்தான். கம்பெனி இறங்கவில்லை, லைனை வெட்டிவிட்டது. நாம் கூப்பிட்டால் எடுக்க ஆள் இல்லாத கம்பெனிக்கு, நம்மை வெட்ட மட்டும் எப்படித்தான் ஆள் கிடைக்கிறதோ.

நாச்சிமுத்துவின் போனிலிருந்து கம்பெனியைக் கூப்பிட்டார்கள். ஒரு பெண் குரல் இனிமையாக வரவேற்று, தமிழில் பேச ஒன்றை அழுத்தவும் என்றது.

பொங்கியண்ணன் சட்டென்று தோளில் கிடந்த துண்டை எடுத்து போனை மூடினார். "பேரம் ஆரம்பிச்சுட்டா. ஒண்ணுல இருந்து தொடங்கறா."

"ஒண்ணு கம்மிதானுங்கண்ணா, அழுத்திப்போடட்டுமா?" என்றான் சென்னியப்பன்.

"அவ கேட்டதையே குடுத்தா நம்மளப் பத்தி என்னடா நெனப்பா?"

ஒன்றுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று துண்டுக்குள் தடவிப் பார்த்தார்கள். பூஜ்யம் இருந்தது. அழுத்தினார்கள். தவறான தேர்வு என்றாள் அவள். கோபமே இல்லாமல் மறுபடியும் அதே ஒன்றைச் சொன்னாள். மறுபடியும் பூஜ்யம். அவள் ஒன்றிலேயே நின்றாள். அழுத்தமான கை என்று மயிலான் மெச்சினார். அடுத்த பூஜ்யத்துக்கு லைனைத் துண்டித்துவிட்டாள்.

பொங்கியண்ணனுக்கு அவள் மேல் மரியாதையே வந்துவிட்டது. வேண்டாமென்று எழுந்து பத்தடி நடப்பது, கூப்பிட்டால் திரும்பி வருவது, இதெல்லாம் நாம் செய்வதுதானே என்றார். மறுபடி கூப்பிட்டு, நஷ்டப்பட்ட முகத்தோடு ஒன்றை அழுத்தினார்கள்.

அவள் அதோடு விடவில்லை. ரீசார்ஜுக்கு ஒன்று, புதிய இணைப்புக்கு இரண்டு, இணையத்துக்கு மூன்று என்று ஏற்றிக்கொண்டே போய், மற்ற புகார்களுக்கு ஒன்பது என்று நிறுத்தினாள். ஒன்றுக்குக் கை கொடுத்த வியாபாரத்தை ஒன்பதுக்கு ஏற்றுவது என்ன நியாயம் என்று நாச்சிமுத்து துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். சென்னியப்பன் அவர் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினான். கல்யாண காரியம், கொஞ்சம் நஷ்டமானாலும் பரவாயில்லை. ஒன்பதை அழுத்தினார்கள்.

இசை வந்தது. நடுவில் அதே குரல், உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது, தயவுசெய்து இணைப்பிலேயே காத்திருங்கள் என்றது.

மயிலானுக்குக் கண் நிறைந்துவிட்டது. பெற்ற பிள்ளைகள் கூட அவரிடம் அப்படிச் சொன்னதில்லை.

காத்திருக்கச் சொன்னார்கள், காத்திருந்தார்கள். காத்திருப்பதைத் தவிர வேறு எதையும் செய்யச் சொல்லவில்லை என்பதால் வேறு எதையும் செய்யவில்லை. சென்னியப்பன் கையில் ஒரு செவலைப் பசுவின் கயிறு இருந்தது. பசுவைப் பிடித்துக்கொண்டு காத்திருங்கள் என்று அவள் சொல்லவில்லையே என்று நாச்சிமுத்து எடுத்துக்காட்ட, அவன் கயிற்றை விட்டுவிட்டான். பசு நேராக டீக்கடைக்குப் போய், கீரை வடைத் தட்டைக் காலி செய்துவிட்டு, தொட்டுக்கொள்ள வைத்திருந்த சட்னியையும் நக்கியது. டீக்கடைக்காரர் வந்து நாலு பேரின் குலத்தையும் கோத்திரத்தையும் இழுத்துத் திட்டினார். யாரும் அசையவில்லை. பொங்கியண்ணன் மட்டும், இணைப்பில் இருக்கிறோம் என்று சைகை காட்டினார்.

இசை ஓய்ந்து அவள் மறுபடியும் வந்தாள். எங்கள் அலுவலர்கள் அனைவரும் மற்ற வாடிக்கையாளர்களுடன் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்றாள். மயிலான் உடனே போனை வாங்கி லைனைத் துண்டித்துவிட்டார். வேலையாக இருக்கிறவர்களைத் தொந்தரவு செய்வது அழகில்லை என்றார். மற்றவர்களும் யோசித்துப் பார்த்து, அது சரிதான் என்றார்கள்.

நாச்சிமுத்து வீட்டு எருமை ஈன்ற நாளில், அதிர்ஷ்டம் இருக்கும் என்று மறுபடி கூப்பிட்டார்கள். இருந்தது. ஒரு நிஜ மனுஷப் பையன் எடுத்தான். பெயர், பிறந்த தேதி எல்லாம் கேட்டுக்கொண்டு, ஒரு ஓடிபி அனுப்புகிறேன், அதை அழுத்துங்கள், லைன் உயிர் பெற்றுவிடும் என்றான். சென்னியப்பன் போன் செத்துக் கிடந்ததால், இன்னொரு நம்பர் என்று அவன் எப்போதோ கொடுத்து வைத்திருந்த நாச்சிமுத்துவின் போனுக்கு அது வந்தது.

நாச்சிமுத்து செய்தியைத் திறந்து படித்தார். முகம் மாறியது. போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"என்னுங்கண்ணா, நம்பரைச் சொல்லுங்க," என்றான் சென்னியப்பன்.

"யாரிடமும் சொல்லாதீர்கள்னு போட்டிருக்குது."

"அது என்ற ஓடிபிதானுங்களே."

"யாரிடமும்னா அதுல நீயும்தான் சேத்தி. சென்னியப்பன் நீங்கலாகன்னு ஒரு வார்த்தை எழுதியிருந்தா நான் எதுக்குடா மறைக்கறேன்?"

மயிலான் ஒரு சந்தேகம் எழுப்பினார். யாரிடமும் சொல்லக்கூடாத சங்கதியை அந்தச் செய்தி நாச்சிமுத்துவிடம் சொன்னது எந்த விதத்தில் சரி? நாச்சிமுத்து ஆடிப்போனார். படித்தது தப்புதான், மறக்கப் பார்க்கிறேன் என்று கண்ணை மூடிக்கொண்டார். நிஜமாகவே பாதியை மறந்துவிட்டார். சென்னியப்பன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். எதிர்முனையில் பையன் ஹலோ ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.

பொங்கியண்ணன் தொண்டையைக் கனைத்தார். மற்றவர்கள் வாயை மூடினார்கள்.

"சொல்லக்கூடாதுன்னுதான போட்டிருக்குது? துண்டுக்குள்ள யாருடா எதையாச்சும் சொல்றா?"

இவ்வளவு பெரிய கம்பெனிக்கு இது தோன்றவில்லை பாருங்கள். நாச்சிமுத்து மறுபடி செய்தியைப் பார்த்துக்கொண்டார், துண்டைப் போட்டார்கள், கையை உள்ளே விட்டார்கள்.

நாச்சிமுத்து நாலு விரலைப் பிடித்தார். அந்தக் கணமே சென்னியப்பனின் கை, அவனைக் கேட்காமல், இரண்டு விரலைத் திருப்பிப் பிடித்தது. பழகிய கை, அதன் மேல் தப்பு சொல்ல முடியாது. நாச்சிமுத்துவின் கையும் விட்டுக்கொடுக்கவில்லை. மூன்றுக்கு முடிந்தது. அடுத்து எட்டு, இழுபறியாகி ஆறுக்கு வந்தது. இப்படியே ஒவ்வொன்றாக இறக்கி, துண்டை எடுத்தபோது இருவருக்கும் வியர்த்திருந்தது. சென்னியப்பனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. நல்ல விலைக்குப் படிந்த ஓடிபியை அழுத்தினான்.

தவறான எண் என்றான் பையன். இன்னொன்று அனுப்புகிறேன் என்றான். இரண்டாவதாக வந்தது முதலில் வந்ததை விடப் பெரிய எண்ணாக இருந்தது. திரும்பி வந்த வாடிக்கையாளரிடம் விலையை ஏற்றுகிறானே என்று பொங்கியண்ணனுக்கு ஆத்திரம். இந்தத் தடவை ஈவிரக்கம் இல்லாமல் இறக்கினார்கள். அதுவும் தவறு. மூன்றாவதும் தவறானதும் பையன் சோர்ந்துபோன குரலில், பாதுகாப்பு காரணமாக நம்பர் முடக்கப்பட்டது, கடைக்கு நேரில் போய்த்தான் தீர வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டான்.

சந்தை நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. சென்னியப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. ராத்திரியெல்லாம் பூங்கொடியின் முகம்தான் வருகிறது என்று மயிலானிடம் சொல்லி அழுதான். மயிலானும் கூட அழுதார். பேசாமல் பஸ் ஏறிச் செங்காட்டுப்புதூருக்கே போய், சம்மதமா இல்லையா என்று கேட்டுவிட்டு வரலாமே என்று அவன்தான் சொன்னான். நாலு பேர் இத்தனை வருஷத்தில் பேசிய ஒரே புத்தியுள்ள பேச்சு அது. நாச்சிமுத்து அதை ஒரே அடியில் சாய்த்தார்.

"அவரு போன்ல சொல்றன்னு வாக்குக் குடுத்திருக்காரு. நீ போயி முன்னாடி நின்னீன்னா அவரு எப்படிடா போன்ல சொல்லுவாரு?"

இதற்கு என்ன பதில்? உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள்.

கம்பெனிக் கடை கருக்கம்பாளையம் பஸ் ஸ்டாண்டு எதிரில் இருந்தது. கண்ணாடிக் கதவு, உள்ளே ஏசி, சுவரில் ஒரு குடும்பமே போனைப் பார்த்துப் பல்லைக் காட்டும் பெரிய படம். அந்தக் கடைக்கு வந்து போகிற எவனும் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. வாசலில் டோக்கன் மெஷின். பொங்கியண்ணன் பொத்தானை அழுத்த, ஏழு என்று சீட்டு வந்தது. குறைத்துக் கேட்கும் பாவனையில் மறுபடி அழுத்தினார். எட்டு வந்தது. முறைத்துக்கொண்டு அழுத்தினார். ஒன்பது. ஏற்றுகிறான் என்று சொல்லிக் கோபத்தில் குத்திக்கொண்டே இருந்தார். இருபத்திரண்டில் கையைப் பிடித்து இழுத்து வந்தார்கள். அதற்கப்புறம் கவுண்டரில் எட்டு யாருங்க, ஒன்பது யாருங்க என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். இவர்கள் தங்களுடையது இருபத்திரண்டு என்று ஒழுங்காக உட்கார்ந்திருந்தார்கள்.

கவுண்டரில் இருந்த பெண்ணின் பெயர் சுகந்தி. விரலை இந்த மெஷினில் வையுங்கள் என்றாள். சென்னியப்பன் கட்டை விரலை வைத்தான். கயிறு இழுத்து இழுத்து ரேகை தேய்ந்த விரல். பொருந்தவில்லை என்றது மெஷின். வேற விரல் வைங்க என்றாள். நாச்சிமுத்து தன்னுடையதை வைத்தார். பொருந்தவில்லை. அப்புறம் மயிலான். அப்புறம் பொங்கியண்ணன், அவர் மோதிரத்தைக் கழற்றிவிட்டு மரியாதையாக வைத்தார். சுகந்தி நிமிர்ந்து பார்த்து, அவரோட விரலுங்க என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். கடைசியில் சென்னியப்பனின் சுண்டுவிரல் பொருந்தியது. இருப்பதிலேயே சின்ன விரலுக்குப் படிந்துவிட்டது என்று பொங்கியண்ணன் திருப்தியாகத் தலையாட்டினார்.

"பழைய நம்பர் இதுதானே?" என்று சுகந்தி வாசித்தாள். கடைசியில் எண்பத்தேழு என்று முடித்தாள்.

பொங்கியண்ணன் துண்டை எடுத்தார். "கொஞ்சம் பாத்துச் சொல்லு கண்ணு. எழுவதுக்கு வெச்சுக்கலாம்."

"இது விலை இல்லீங்க தாத்தா. நம்பர்."

"நம்பர்னாலும் ஒரு நியாயம் வேண்டாமா? எண்பத்தேழு ரொம்ப அதிகம். அறுபதுன்னா இப்பவே கையக் குடுக்கறோம்."

அவள் பொறுமையாகத்தான் விளக்கினாள். பொங்கியண்ணன் அதைவிடப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, சரி, அறுபத்திரண்டு என்றார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் கத்தத் தொடங்கினார்கள். உள்ளறையிலிருந்து மேனேஜர் எட்டிப் பார்த்து, கஸ்டமர் கேட்கிறதைக் கொடுத்து அனுப்பும்மா என்றார். கம்பெனியின் கொள்கையே அதுதான், என்ன கேட்கிறான் என்று கேட்பது மட்டும்தான் கொள்கையில் கிடையாது. முடங்கிய நம்பரைத் திறக்க மேலிடத்துக்கு எழுத வேண்டும், புதிதாக வேறு ஒன்று கொடுப்பது சுலபம். சுகந்தி கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்தாள். அதே வரிசையில் அறுபத்து நாலு என்று முடிகிற நம்பர் சும்மா கிடந்தது.

"அறுபத்து நாலு இருக்கு. அதுக்குக் கீழ என்னால முடியாதுங்க," என்றாள்.

அவளையும் அறியாமல் அவள் பேரத்தில் இறங்கிவிட்டாள் என்று பொங்கியண்ணன் கண்டுகொண்டார். ஒரு பெருமூச்சு விட்டு, சின்னப் பொண்ணு கேக்கறா, போகட்டும் என்று ஒத்துக்கொண்டார்.

சிம்மைக் கொடுத்துவிட்டு, என் சேவைக்கு அஞ்சு மார்க் போடச் சொல்லி மெசேஜ் வரும், தயவுசெய்து அஞ்சு போடுங்க, குறைஞ்சா என்னைத்தான் கேட்பாங்க என்றாள். கேட்டதும் நாலு பேரின் துண்டும் ஒரே நேரத்தில் எழுந்தது. பாவம், அஞ்சில் தொடங்கியது அவள் செய்த தப்பு. பத்து என்று சொல்லியிருந்தால் ஒருவேளை அஞ்சுக்குப் படிந்திருக்கும். ரெண்டரைக்கு முடித்தார்கள். அரைக்குப் பொத்தான் இல்லாததால் ரெண்டை அழுத்தினார்கள்.

எண்பத்தேழு சொன்ன நம்பரை அறுபத்து நாலுக்கு அடித்த கதை ஊரெல்லாம் பரவியது. அப்படி ஒரு பேரம் இதுவரை யாரும் முடித்ததில்லை என்று டீக்கடைக்காரர் கூட, வடைக் கோபத்தை மறந்து, ஒத்துக்கொண்டார். சென்னியப்பன் புது நம்பரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நடந்தான்.

சந்தை நாள் விடிந்தது. ஒரு கூடையைக் கவிழ்த்து அதன் மேல் போனை வைத்து, நாலு பேரும் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒரு மாடும் பார்க்கவில்லை, ஒரு துண்டும் விரிக்கவில்லை. போன் அடிக்கவில்லை. வெயில் ஏறியது. வண்டிகள் மாடுகளை ஏற்றிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கிளம்பின. சந்தை பாதி கலைந்தது. சென்னியப்பன் கூடையையே பார்த்துக்கொண்டிருந்தான். உதடு காய்ந்து வெடித்திருந்தது.

அப்போதுதான் மயிலானுக்கு ஒன்று உறைத்தது. வெள்ளியங்கிரியிடம் சொன்னது எண்பத்தேழு ஆச்சே, நாம் இருப்பது அறுபத்து நாலில் ஆச்சே என்றார்.

சென்னியப்பன் மெதுவாக எழுந்து நின்று, மறுபடி உட்கார்ந்தான். என் கயிற்றுக்கடை பக்கத்தில்தான். எழுந்து போய் நாலு பேரையும் நாலு சாத்து சாத்தலாம் என்று கயிற்றைக் கையில் எடுத்தேன்.

பொங்கியண்ணன் மட்டும் அலுங்கவில்லை. "வெள்ளியங்கிரி யாரு?" என்று கேட்டார். "ஆயுசு பூராத் துண்டு போட்டவரு. நாம எண்பத்தேழுன்னு சொன்னா, அப்படியே எண்பத்தேழுக்குப் போன் போடற ஆளாடா அவரு?"

சொல்லி வாயை மூடவில்லை, போன் அடித்தது.

சென்னியப்பன் பாய்ந்து எடுத்து ஸ்பீக்கரில் போட்டான். வெள்ளியங்கிரிதான்.

"மாப்பிள்ளைங்களா? அப்பாடா. நீங்க சொன்ன நம்பரு ரொம்ப ஏத்தமாட்ட இருந்துச்சுங்க. அதுதான் எண்பத்தாறுல இருந்து ஒண்ணொண்ணா இறங்கி வர்றேன்."

வழியில் யாரையெல்லாம் பார்த்தேன் என்று அவர் சொன்னார். எண்பத்து மூன்றில் ஒரு பல் டாக்டர், இவருக்குக் கடைவாய்ப் பல் பார்க்க நேரம் கொடுத்துவிட்டார். எழுபத்தெட்டில் ஒரு போலீஸ்காரர், அவர் பேசியதை வீட்டில் சொல்ல முடியாது. எழுபத்தொன்றில் ஒரு அம்மாள், தன் பையனுக்கும் பெண் தேடுவதாகவும், பையனுக்கு வேலை இருக்கிறது, நல்ல இடம், இங்கேயே முடித்துக்கொள்ளுங்கள் என்றும் விடாமல் மன்றாடினாளாம். வெள்ளியங்கிரி பாதி மனசு வந்தும், இன்னும் இறங்கலாம் என்று கீழே வந்துவிட்டார்.

"அறுபத்து நாலு எனக்குக் கட்டுப்படியாகுதுங்க. ஊட்டுலயும் எல்லாத்துக்கும் புடிச்சிருக்குது. பூங்கொடி..."

அவர் முடிக்கவில்லை. சென்னியப்பனின் இன்னொரு கையைப் பொங்கியண்ணன் துண்டுக்குள் இழுத்து, ஒற்றை விரலை அழுத்திப் பிடித்துவிட்டார். பழக்கம். சென்னியப்பனின் வாயும் பழக்கத்தில் திறந்துகொண்டது.

"இன்னும் ஒண்ணு இறங்குங்க மாமா."

மறுமுனையில் வெள்ளியங்கிரி சபாஷ் போட்டார். என் மகளுக்கு இப்படி ஒரு மாப்பிள்ளையைத்தான் தேடிக்கொண்டிருந்தேன் என்றார்.

"சரிங்க. உங்களுக்காக அறுபத்து மூணு. அதுக்கு மேல என்னால ஆகாது. சம்மதத்தை அங்க வந்து சொல்றேன், அங்க எடுங்க." லைன் அறுந்தது.

நாலு பேரும் அறுபத்து நாலு நம்பரைக் கூடையோடு போட்டுவிட்டு ஓடினார்கள். சந்தைக்குள் மாட்டைத் தாண்டி, வண்டியைத் தாண்டி, பஸ் ஸ்டாண்டைப் பார்த்து, துண்டு பின்னால் பறக்க. வெள்ளியங்கிரி அறுபத்து மூன்றைப் போடுவதற்குள் கம்பெனிக் கடையில் அந்த நம்பரை வாங்கி அதில் நின்றாக வேண்டும். வேறு எவனாவது எடுத்துச் சரி என்று சொல்லிவிட்டால் பூங்கொடி அவனுக்குப் போய்விடுவாள். என்ன கூத்தென்று பார்க்க நானும் கயிற்றோடு ஓடினேன்.

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே விழுந்தால், சுகந்தி மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எதிர் நாற்காலியில், காதில் போனை வைத்துக்கொண்டு வெள்ளியங்கிரி உட்கார்ந்திருந்தார். சந்தைக்கு ஆட்டோடு வந்தவர், வெளியே பஸ் ஸ்டாண்டிலிருந்துதான் இத்தனை நேரம் கூப்பிட்டிருக்கிறார்.

"வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க," என்றார். "வேற எவனாச்சும் அறுபத்து மூணை வாங்கிப்போட்டா என்ற பொண்ணு கதி என்னாகறது? அதுதான் நானே ஓடியாந்து அந்த நம்பரை வாங்கி இந்தப் போன்ல போட்டுட்டேன். இப்ப இதுல இருந்தே அதுக்குத்தான் கூப்புட்டுக்கிட்டிருக்கறேன்."

நாலு பேரும் மூச்சு வாங்க நின்றார்கள். "என்னுங்க சொல்றாங்க?" என்று மெல்லக் கேட்டார் பொங்கியண்ணன்.

"பிஸியா இருக்குதுங்க. மாப்பிள்ளை யாருகூடவோ பேசிக்கிட்டிருக்காராட்ட இருக்குது."

வேலையாக இருக்கிறவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று மயிலான் எல்லோரையும் சைகையால் உட்கார வைத்தார். வெள்ளியங்கிரி மறுபடி போட்டார், மறுபடியும் பிஸி. சென்னியப்பன் மாமனார் பக்கத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்து கையைப் பிசைந்தான்.

"தப்பா நெனச்சுக்காதீங்க மாமா," என்றான். "இந்நேரத்துல நான் யாருகிட்ட இவ்வளவு நேரம் பேசிக்கிட்டிருக்கறேன்னு எனக்கே தெரியலீங்க. வந்ததும் நல்லாக் கேட்டுப்போடறேன்."